நாவரசர் உற்ற சூலை

கடலூரைச் சார்ந்த திருப்பாதிரிப்புலியூரே, மருணீக்கியார் சமணஞ் சார்ந்து தருமசேனராய் வாழ்ந்த பாடலிபுத்திரம். திருவாமூரிற் பிறந்து, இளமையிற் பெற்றோரை இழந்து, நிலையாமை கண்டு அங்குச் சென்றார். தமக்கையார் திலகவதியார் திருவதிகைப் பெருமானிடம் முறையிட, இறைவன் சூலைநோய் தந்து அவரை ஆட்கொண்டான். நீறணிந்து பாடினார், நோய் ஒழிந்தது, நாவுக்கரசெனப் பேர் பெற்றார். பின்னர்த் தில்லையிற் கூத்தப்பெருமானைக் கண்டு உருகினார்.

கி.பி. 354-இல் ஆபிரிக்காவிற் பிறந்த கிறித்தவச் சான்றோர் அகுஸ்தீனாரும், ஒன்பதாண்டளவு மானியின் சமயத்தில் நின்று, அன்னை மோனிக்காவின் இடைவிடா வேண்டுதலின்பின் மீண்டவரே. தீய இச்சையும் துன்பமும் ஆதிமனிதன் பாவத்தால் வந்தன என்பது அவர் கொள்கை. ஒருவன் வினை பிறனைச் சாராது, ஆணவம் அநாதி என்பது நம் சித்தாந்தம். ஆயினும் அருளின்றி மீட்சியில்லை என்பதில் இரண்டும் ஒக்கும். ஆதலின், நாவரசர் உற்ற சூலையைத் தண்டமென நாம் கொள்ளேம். மலம் பரிபாகமுறச் செய்த மறக்கருணையென்றே கொள்வேம்.