ஜான் பென்னிகுவிக்

கர்னல் ஜான் பென்னிகுவிக் (சனவரி 15, 1841 – மார்ச் 9, 1911) முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் ஆவார். மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்றின் நீரைக் கிழக்கே திருப்பி, தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கிலும் மதுரைச் சீமையிலும் நிலையான பாசனத்துக்கு வழிவகுத்தார்.

இளமை

பென்னிகுவிக் புனேயில் பிறந்தார். படைத்தலைவரான தந்தையும் அண்ணன் ஒருவரும் 1849 இல் சிலியன்வாலா போரில் இறந்தனர். அடிஸ்கோம்பு இராணுவக் கல்லூரியில் பயின்ற இவர், 1858 இல் படைப் பொறியாளராகி, 1860 இல் இந்தியா வந்தார். பின்னர் சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையில் பணியாற்றினார்.

தாது வருடப் பஞ்சம்

1876–78 பஞ்சத்தில் தென்னிந்தியாவில் பல இலட்சம் மக்கள் மாண்டனர். தமிழகத்தில் இது தாது வருடப் பஞ்சம் எனப்படுகிறது. அரசு கஞ்சித் தொட்டிகளையும் நிவாரண வேலைகளையும் தொடங்கியது. 1877 இல் சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலையாளின் நாட்கூலியை ஒரு பவுண்டு (சுமார் 450 கிராம்) தானியமும் சிறிது காசுமாகக் குறைத்தார். கடும் உழைப்புக்கு இவ்வுணவு போதவில்லை. 1880 இல் பஞ்ச ஆணையம் பாசனப் பணிகளை விரிவாக்கப் பரிந்துரைத்தது. இந்தச் சூழலில், 1867 இல் மேஜர் ரைவ்ஸ் முன்வைத்துக் கிடப்பிலிருந்த பெரியாற்றுத் திட்டம் மீண்டும் கவனம் பெற்றது.

அணை கட்டுமானம்

1882 இல் திட்டத்தை வகுக்கும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 1887 இல் பணி தொடங்கியது.

கருங்கல்லும் சுண்ணாம்புச் சுர்க்கிக் கலவையும் கொண்டு எழுப்பப்பட்ட இந்த அணை 176 அடி உயரமும் சுமார் 1,200 அடி நீளமும் உடையது. தேங்கும் நீர் தேக்கடியில் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே இறங்கி, வைரவனாறு, சுருளியாறு வழியாக வைகையை அடைகிறது.

தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் பலமுறை அடித்துச் சென்றது. மலைக்காய்ச்சல் உள்ளிட்ட நோய்களால் தொழிலாளர் பலர் இறந்து, அங்கேயே புதைக்கப்பட்டனர். 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார்.

பென்னிகுவிக் தமது சொத்துக்களை விற்று அணையை முடித்தார் என்ற நம்பிக்கை மக்களிடையே உண்டு. எனினும் இது சென்னை மாகாண அரசின் நிதியில் கட்டப்பட்டதாகும்.

பயன்

கம்பம் பள்ளத்தாக்கில் லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் சாகுபடி பெறுகிறது. மதுரை மாவட்டத்தின் மேலூர்ப் பகுதியும், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களும் பயனடைகின்றன. ஆண்டுதோறும் பருவமழையை மட்டுமே நம்பியிருந்த நிலை இப்பகுதிகளில் மாறியது. அணையின் பாதுகாப்பு குறித்துத் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே எழுந்த வழக்கில், 142 அடி வரை நீர் தேக்க உச்ச நீதிமன்றம் 2014 இல் அனுமதித்தது.

இறுதிக் காலமும் நினைவும்

1896 முதல் 1899 வரை இங்கிலாந்தில் கூப்பர்சு ஹில் பொறியியல் கல்லூரியின் தலைவராக இருந்தார். 1911 இல் கேம்பர்லியில் காலமானார். கூடலூரை அடுத்த லோயர் கேம்பில் இவரது மணிமண்டபம் 2013 சனவரி 15 அன்று திறக்கப்பட்டது. தேனிப் பேருந்து நிலையம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது. தைப்பொங்கலை ஒட்டி வரும் இவரது பிறந்த நாளில் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் பொங்கல் வைத்து வழிபடுகின்றனர்.