சினிமாவில் நம் வீட்டுக் கதையைக் காட்டியவர்

இந்த மாதம் நான் எழுதுவது ஒரு சினிமா இயக்குநரைப் பற்றி. சினிமான்னா பாட்டும் சண்டையும்தானேன்னு போயிடாதீங்க, முழுசா படிங்க.

கே. சுப்பிரமணியம் 20.4.1904 அன்று தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசத்தில் பிறந்தார். வக்கீலுக்குப் படித்தவர். 1934-ல் அவர் இயக்கிய முதல் படம் பவளக்கொடி. அது அர்ச்சுனன் கதை. அந்தக் காலத்தில் சாமி கதை, ராஜா கதைதான் அதிகம் படமாச்சு.

ஆனா 1937-ல் பாலயோகினி என்ற படம் எடுத்தார். விதவைகள் படும் பாட்டையும் சாதிக் கொடுமையையும் அதில் காட்டினார். விதவை வேடத்தில் நிஜமாகவே கணவனை இழந்த ஒரு பிராமணப் பெண்ணையே நடிக்க வைத்தார். அதுக்காக தஞ்சாவூர்ப் பக்கத்து பிராமணர்கள் அவரை சாதியை விட்டு ஒதுக்கி வைத்தார்கள். அவரும் அதே சாதியில் பிறந்தவர்தான். அப்படியும் அவர் நிறுத்தலை.

1938-ல் சேவாசதனம் வந்தது. பிரேம்சந்த் எழுதிய நாவல்தான் கதை. எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த முதல் படம் இது. ஏழைப் பெண்ணை வயசானவருக்குக் கட்டிக் கொடுக்கிறாங்க. அவள் படும் கஷ்டம்தான் படம்.

1939-ல் கல்கியின் கதையை தியாகபூமி என்று எடுத்தார். கைவிட்ட கணவன் திரும்பி வந்து கூப்பிடும்போது, சாவித்திரி வரமாட்டேன் என்று சொல்லி நாட்டு விடுதலைக்குப் போராடப் போகிறாள். பிரிட்டிஷ் அரசு இந்தப் படத்தைத் தடை செய்தது.

சத்யஜித் ராயின் பதேர் பாஞ்சாலி 1955-ல்தான் வந்தது. அதுக்கு 18 வருஷம் முன்னாடியே தமிழில் ஒருவர் சமுதாயத்தைக் கேள்வி கேட்டிருக்கார். அவர் 7.4.1971 அன்று இறந்தார்.

சேவாசதனம் கதையைக் கேட்டப்போ எங்க தெரு அக்கா ஞாபகம் வந்தாங்க. பத்தாவது படிக்கும்போதே கல்யாணம் பண்ணி அனுப்பிட்டாங்க. அவங்க கணக்கு நோட்டு இன்னும் என்கிட்டதான் இருக்கு. உனக்கு சம்மதமான்னு அக்காவை யாரும் கேக்கலை. நானும் ஒண்ணும் பேசலை. இப்ப நினைச்சா கஷ்டமா இருக்கு.

தோழிகளே, 18 வயசுக்கு முன்னாடி கல்யாணம் பண்ணினா அது சட்டப்படி குற்றம். நம்ம ஊர்ல யாருக்காவது அப்படிப் பேச்சு வந்தா டீச்சர்கிட்ட சொல்லுங்க. இல்லைன்னா 1098-க்கு போன் பண்ணுங்க. ஊரே ஒதுக்கி வச்சும் அவர் படம் எடுத்தார். நாம ஒரு வார்த்தையாவது சொல்லலாமே!



ஒன்பதாம் வகுப்பு மாணவி,
நாகரசம்பட்டி.