பூட்டுப் பட்டறையில் பிறந்த கல்வி
இமாம் கஃப்பால் (ரஹ்) அவர்களின் வாழ்க்கை



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையிலான பகுதி ஒரு தலைமுறைக்கு முன் ஏரியும் வயலுமாக இருந்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ – நிஸ்ஸான் ஆலை திறக்கப்பட்டது. இன்று தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் இளைஞர்கள் அங்கே வந்து, நான்கைந்து பேராக அறை எடுத்துத் தங்கி, இரவு பகல் ஷிப்டுகளில் உழைத்து வருகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களில் இருக்கிறார்கள்.

அப்பிள்ளைகளிடம் பேசும்போது ஒரே குறையைப் பலர் வாயாலும் கேட்கிறோம். ஐ.டி.ஐ. படித்தவர் டிப்ளமோ முடித்துவிட வேண்டும் என்ற ஆசையோடு வருகிறார். டிப்ளமோ முடித்தவர் பட்டம் வாங்கி மேல் பதவிக்குப் போக வேண்டும் என்று எண்ணுகிறார். முதல் மாதச் சம்பளத்தில் புத்தகமும் வாங்கிவிடுகிறார். இரவு ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்து, அறைக்கு வந்து புத்தகத்தை விரித்தால் படித்தது எதுவும் மனத்தில் நிற்பதில்லை. நான்கு நாள் பார்க்கிறார். ஐந்தாம் நாள் புத்தகம் பெட்டிக்கடியில் போய்விடுகிறது. வயதும் ஏறிவிட்டது, இனி நமக்கு ஏது படிப்பு என்று மனம் விட்டுப்போகிறது.

இந்தப் பிள்ளைகளுக்காகவே, கையால் உலோகத்தை அடித்துப் பிழைத்த ஒரு தொழிலாளியின் வரலாற்றை இம்மாதம் எழுதுகிறோம்.

பூட்டுச் செய்தவர்

மர்வு என்பது குராஸான் நாட்டின் பெருநகரங்களுள் ஒன்று. அதன் இடிபாடுகள் இன்றைய துர்க்மேனிஸ்தானில் உள்ளன. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் அந்நகரில் அபூபக்ர் அப்துல்லாஹ் இப்னு அஹ்மத் என்பவர் வாழ்ந்தார். பூட்டுச் செய்வது அவர் தொழில். அரபியில் பூட்டுக்குக் குஃப்லு என்று பெயர்; பூட்டுச் செய்பவர் கஃப்பால். அந்தப் பெயரே அவருக்கு நிலைத்தது. ஒரு கண்ணில் அவருக்குக் குறை இருந்ததாகவும் வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

கண்ணில் குறை இருந்தாலும் கைத்திறனில் அவருக்குக் குறைவில்லை. அக்காலத்தில் ஷாஷ் நகரத்தவரான மற்றொரு கஃப்பால் மிகச் சிறிய பூட்டு ஒன்றைச் செய்து பெரும் பெயர் பெற்றிருந்தார். ஷாஷ் என்பது இன்றைய தாஷ்கண்ட். அந்தப் பூட்டின் எடை ஒரு தானக். அதாவது ஒரு திர்ஹத்தில் ஆறில் ஒரு பங்கு, சுமார் அரை கிராம். செய்தி மர்வுக்கு வந்ததும் நம் கஃப்பால் அதில் நாலில் ஒரு பங்கு எடையில் ஒரு பூட்டைச் செய்து முடித்தார். நம் ஊர்த் தட்டார்கள் நிறுத்த கணக்கில் சொன்னால், ஏறக்குறைய ஒரு குன்றிமணி எடை! மைக்ரோமீட்டரும் பூதக்கண்ணாடி விளக்கும் இல்லாத காலம் அது. டூல் ரூமில் வேலை பார்க்கும் சகோதரர்களுக்கு அதன் அருமையை நாம் விளக்க வேண்டியதில்லை.

பார்த்தவர்கள் பாராட்டினார்கள், அத்தோடு போய்விட்டார்கள். ஊர் ஊராகப் பேசப்பட்டது ஷாஷ் நகரத்தவரின் பூட்டுதான். எல்லாவற்றுக்கும் அதிர்ஷ்டம் வேண்டும் போலும் என்று அவர் ஒரு நண்பரிடம் மனம் நொந்து கொண்டார். பெயர் நிலைப்பது கல்வியால்தான், பூட்டால் அல்ல என்று அந்த நண்பர் சொல்லிவிட்டார். அவர் சொன்னதிலும் பொருள் இருந்தது. ஷாஷ் நகரத்து அபூபக்ர் முஹம்மது இப்னு அலீ (ரஹ்) அவர்கள் பெரும் மார்க்க அறிஞர். அவரது பூட்டுக்கு முன்னால் அவரது கல்வி சென்றது.

அந்தச் சொல் இவர் நெஞ்சில் தைத்தது. ஓத வேண்டும் என்று முடிவு செய்தார். அப்போது வயது முப்பது என்று சிலரும், நாற்பது என்று சிலரும் குறித்திருக்கிறார்கள். எப்படியாயினும், மற்றவர்கள் ஓதி முடித்துப் பாடம் நடத்தும் வயது அது.

கூரை மேல் ஒரு இரவு

மர்வு நகரத்து உஸ்தாது ஒருவரிடம் சென்று தம் ஆசையைச் சொன்னார். உஸ்தாது, இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் மாணவரான இமாம் முஸனீ (ரஹ்) அவர்களின் சட்டநூலை எடுத்தார். முதல் பாடமாக அதன் தொடக்கத்திலுள்ள மூன்றே மூன்று சொற்களை ஓதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த கஃப்பால் மாடியில் ஏறினார். இஷாவிலிருந்து கிழக்கு வெளுக்கும் வரை அந்த மூன்று சொற்களைத் திரும்பத் திரும்ப ஓதினார். விடியும் நேரம் தம்மை அறியாமல் கண் அயர்ந்தார். விழித்தபோது மூன்று சொற்களும் மறந்துவிட்டன!

சகோதரர்களே, அந்த நிமிடத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். தலை நரைக்கத் தொடங்கும் வயது. கையில் தொழில் இருக்கிறது. பட்டறைக்குத் திரும்பினால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஒரு இரவு முழுவதும் உழைத்து மூன்று சொற்கள்கூட மிஞ்சவில்லை. உஸ்தாதின் முகத்தில் எப்படி விழிப்பது என்று நெஞ்சு நெருங்கியது.

அப்படியே தெருவில் இறங்கினார். அடுத்த வீட்டுப் பெண்மணி அவரைக் கண்டதும், இரவெல்லாம் ஒன்றையே சொல்லிச் சொல்லி எங்களைத் தூங்கவிடாமல் செய்துவிட்டீரே என்று குறைப்பட்டார். அந்தக் குறையோடு சேர்த்து அம்மூன்று சொற்களையும் அப்படியே சொல்லிக் காட்டினார். அவர் மறந்ததை அடுத்த வீடு மனனம் செய்திருந்தது! அந்த அம்மையாரிடமே பாடத்தை மீண்டும் கேட்டுக்கொண்டு, கஃப்பால் நேரே உஸ்தாதிடம் சென்றார்.

சென்றவர் நடந்ததை மறைக்கவில்லை. உள்ளது உள்ளபடி சொன்னார். உஸ்தாதும் சிரிக்கவில்லை, விரட்டவில்லை. இதற்காக விட்டுவிடாதீர், தொடர்ந்து முயன்றால் மனனம் செய்வது உமக்குப் பழக்கமாகிவிடும் என்று ஆறுதல் கூறினார். கஃப்பால் அன்றும் ஓதினார், மறுநாளும் ஓதினார்.

நாம் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் படிக்க வந்ததற்குக் காரணம், தம் பெயர் பரவவில்லையே என்ற மனத்தாங்கல். அந்த வேகம் ஒரு இரவுக்குத்தான் தாங்கியது. ஆசை ஆளைத் தொடங்கி வைக்கும். தொடர வைப்பது பழக்கம். உற்சாகம் வந்தால் படிக்கலாம் என்று அவர் மாடியில் உட்கார்ந்திருந்தால், உலகம் அவரைப் பூட்டுக்காரர் என்றுகூட நினைவில் வைத்திருக்காது. உற்சாகம் செத்துப்போன அந்தக் காலையில் அவர் உஸ்தாதின் வாசலுக்கு நடந்தாரே, அந்த நடையில்தான் அவர் இமாமானார்.

அந்தப் பூட்டுக்காரரின் அறுவடை

ஆண்டுகள் சென்றன. குராஸான் பகுதியில் ஷாஃபிஈ சட்டத்தை ஓதிக் கொடுக்கும் வழிமுறைக்கே அவர் தலைவரானார். இமாமுல் ஹரமைன் (ரஹ்) அவர்களின் தந்தை அபூமுஹம்மது ஜுவைனீ (ரஹ்), காழீ ஹுஸைன் (ரஹ்) ஆகியோர் அவரிடம் ஓதியவர்கள். இமாமுல் ஹரமைனிடம் ஓதியவரே இஹ்யாவைத் தந்த இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள். நம் தமிழகக் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபுச் சட்டங்களை ஓதும் மாணவர், அந்தக் கிதாபுகளில் இன்றும் கஃப்பாலின் பெயரைக் காண்கிறார்.

பெயருக்காகத் தொடங்கிய அவருடைய நிய்யத்தும் காலத்தால் தூய்மையானது. பாடம் நடத்தும்போதே அழுகை மேலிட்டு நின்றுவிடுவார்கள் என்றும், நம்மிடம் வேண்டப்படுவதை எண்ணாமல் எவ்வளவு பராமுகமாக இருக்கிறோம் என்று வருந்துவார்கள் என்றும் மாணவர் காழீ ஹுஸைன் அறிவித்திருக்கிறார்கள்.

பழைய தொழிலையும் அவர்கள் மறைத்ததில்லை. புறங்கையில் இருந்த தழும்புகளைக் காட்டி, இவை என் இளமைக்கால உழைப்பின் அடையாளம் என்பார்கள். ஹிஜ்ரி 417-ல், கி.பி. 1026-ல் வபாத்தானார்கள். அப்போது வயது தொண்ணூறு என்பர்.

ஒரகடத்துப் பிள்ளைகளுக்கு

உடல் களைப்பு பொய்யல்ல. எட்டு மணி நேரம் நின்று உழைத்தவரின் கண் அயர்வதைச் சோம்பல் என்று நாம் சொல்ல மாட்டோம், இமாமவர்களும்தான் அயர்ந்தார்கள். ஆயினும், இன்றுள்ள வேலை என்றும் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-ல் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்ததை நாம் கண்டோம். கற்ற கல்வியை அப்படி யாரும் மூட முடியாது.

ஆகவே பாடத்தைச் சிறிதாக்கிக் கொள்ளுங்கள். மூன்று சொல்லானாலும் சரி, ஷிப்ட் மாறினாலும் அதற்கென்று ஒரு நேரத்தை ஒதுக்குங்கள். அறைத் தோழரிடம் ஒப்பித்துக் காட்டுங்கள். நீங்கள் மறந்ததை அவர் எடுத்துக் கொடுப்பார். சொல்லிக் கொடுப்பவரிடம் தோல்வியை மறைக்காதீர்கள். பெட்டிக்கடியில் போன புத்தகத்தை இன்றே வெளியே எடுங்கள்.

குடும்பத்தைக் காக்கவும், ஹலாலாகச் சம்பாதிக்கவும், பிறருக்குப் பயன்படவும் கற்கிறோம் என்று நிய்யத்தைச் செம்மையாக்கிக் கொள்ளுங்கள். உழைக்கும் நம் பிள்ளைகளின் கைகளுக்கு வலுவையும், அவர்கள் கற்கும் கல்வியில் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.