முத்துலட்சுமி அம்மையாரும் புற்றுநோயும்

புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு பிறந்தவர் முத்துலட்சுமி. பெண்கள் பள்ளிக்குச் செல்வதே அரிதாயிருந்த நாளில் ஆடவர் கல்லூரியில் பயின்று, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சட்டமன்றத் துணைத்தலைவராயிருந்ததும், தேவதாசி முறையை எதிர்த்ததும், அவ்வை இல்லம் கண்டதும் மாணவர் அறிந்தவை. அவர் நெஞ்சில் தைத்திருந்த முள் வேறு.

அவருடைய தங்கைக்கு நோய் வந்தது. முதலில் வயிற்றுக்கடுப்பு என்றே கருதி மருந்து கொடுத்தனர். குடலின் கடைப்பகுதியில் புற்று என்று தெளிந்தபோது காலம் கடந்துவிட்டது. தமக்கை மருத்துவராயிருந்தும் காக்க இயலவில்லை; 1923இல் தங்கை மறைந்தார். ஈராண்டு கழித்து இலண்டன் சென்ற அம்மையார், புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை நடப்பதைக் கண்டார். நம் நாட்டிலும் அத்தகையதொன்று வேண்டும் என்னும் எண்ணம் அன்று வேரூன்றியது.

இந்நோயில் காலந்தாழ்த்துவதன் கொடுமையை மார்பகப் புற்றில் தெளிவாகக் காணலாம். தொடக்கத்தில் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியில்லாததைக் கணவனிடம் சொல்லவும் நாணுவர். ஆண் மருத்துவரிடம் எப்படிக் காட்டுவர்? அதற்குள் நோயணுக்கள் குருதி வழியாகவும் நிணநீர் வழியாகவும் எலும்புக்கும் நுரையீரலுக்கும் ஈரலுக்கும் சென்றுவிடும். சிலருக்குச் சினைப்பையிலும், அரிதாகக் கருப்பையிலும் போய்த் தங்கும். வயிறு வீங்கி வருபவளின் சினைப்பைக் கட்டிக்கு மூலம் மார்பில் இருக்கக்கூடும். இவ்விரு உறுப்புகளுக்கும் வேறோர் உறவும் உண்டு. சினைப்பைகளை நீக்கினால் மார்பகப் புற்று சிலரிடம் சுருங்குவதை ஸ்காட்லாந்து மருத்துவர் பீட்சன் 1896இலேயே எடுத்துரைத்தார். சினைப்பையில் சுரக்கும் இயக்குநீர் அப்புற்றுக்கு உரமாவதே காரணம் என்பது பின்னர் விளங்கிற்று.

புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை எதற்கு, வந்தவர் இறக்கத்தானே போகிறார் என்ற எண்ணம் ஆட்சியாளரிடமும் இருந்தது. அம்மையார் சளைக்கவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு நிதி திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 சூன் 18ஆம் நாள் அடையாற்றில் பன்னிரண்டே படுக்கைகளுடன் மருத்துவமனை திறக்கப்பட்டது. அப்போது அம்மையாருக்கு அறுபத்தேழு வயது! அவர் மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். மறு ஆண்டு சாந்தா அம்மையாரும் வந்து சேர்ந்தார்.

அந்தமானில் வாழும் நம்மவருக்குச் சென்னை கடல்வழியே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். கப்பலில் மூன்று நாள். கட்டியை மறைத்து வைத்திருந்த நாட்களோடு இந்நாட்களையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அம்மையார் 1968 சூலை 22இல் மறைந்தார். அடையாற்று மருத்துவமனை இன்றும் நடந்து வருகிறது.