நாட்களை எண்ணிய வைத்தியர்: கிளெமென்ஸ் வொன் பிர்க்கே (1874 - 1929)

மாணவர்களே, பதுளைக்கு அருகே ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒருவரை நாகபாம்பு தீண்டிவிட்டது என வைத்துக்கொள்வோம். அவர் பதுளை வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லப்படுகிறார். அங்கே பாம்பு விஷமுறிவு மருந்து ஏற்றப்படுகிறது. உயிர் தப்பி வீடு திரும்புகிறார். ஏறக்குறைய பத்து நாட்களின் பின் அவருக்குக் காய்ச்சல் வருகிறது. உடம்பெங்கும் அரிப்புடன் தடிப்புகள் தோன்றுகின்றன. முழங்காலும் மணிக்கட்டும் வலிக்கின்றன. லயத்தில் உள்ளவர்கள் விஷம் இன்னும் முழுதாக இறங்கவில்லை என்றே பேசிக்கொள்வார்கள்.

உண்மையில் அது விஷத்தின் வேலை அல்ல. விஷமுறிவு மருந்து குதிரைகளின் குருதியிலிருந்து பெறப்படுகிறது. குதிரையின் புரதம் மனித உடலுக்குப் பிறபொருளாகும். உடல் அதற்கு எதிராகச் செயற்பட்டதன் விளைவே அந்தக் காய்ச்சலும் வலியும். இதற்கு நீர்ப்பாய நோய் என்று பெயர். இந்த நோயை முதன்முதலில் முறையாக விளக்கியவர்களுள் முதன்மையானவரே ஒஸ்திரிய நாட்டுக் குழந்தை வைத்தியர் கிளெமென்ஸ் வொன் பிர்க்கே.

விஞ்ஞானப் பாடத்தில் நிர்ப்பீடனம் பற்றிப் படித்திருப்பீர்கள். கிருமி உட்புகுந்தால் வெண்குழியங்கள் எதிர்க்கும், பிறபொருளெதிரிகள் உருவாகும், நாம் காக்கப்படுவோம் என்பது நீங்கள் அறிந்த பாதி. நம்மைக் காக்கும் அதே தொகுதி நமக்குத் தீங்கும் செய்யலாம் என்பது மற்றப் பாதி. இதனை மிகையுணர்திறன் என்பர். பிர்க்கேயின் வாழ்க்கையை அறிந்தால் இந்த மற்றப் பாதியை மனனம் செய்யாமலே விளங்கிக்கொள்ளலாம்.

பிர்க்கே 1874 மே 12 ஆம் திகதி வியன்னா நகருக்கு அண்மையில் உள்ள ஹிர்ஷ்ஸ்ரெற்றன் என்னும் இடத்தில் பிரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். முதலில் இறையியலும், பின்னர் மெய்யியலும் படித்தார். அதன் பின்னரே மருத்துவத்துக்கு மாறினார். 1900 ஆம் ஆண்டு கிராட்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். ஒரு துறையில் தொடங்கி இன்னொரு துறையில் பெயர் பெற்றவர்கள் பலர் உண்டு. பாடத் தெரிவு பற்றி இப்போதே கவலைப்படுபவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளலாம்.

பட்டம் பெற்றபின் வியன்னாவின் புனித அன்னா குழந்தைகள் வைத்தியசாலையில், தியடோர் எஷெரிக் என்னும் பேராசிரியரின் கீழ்ப் பணியாற்றினார். அக்காலத்தில் பெனிசிலின் இல்லை. தொண்டைக் கரப்பனும் செங்காய்ச்சலும் பிள்ளைகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றன. 1890களில் ஜேர்மனியின் எமில் வொன் பேரிங் கண்ட வழி ஒன்றே பெரும் நம்பிக்கையாக இருந்தது. குதிரைக்குக் கிருமியின் நச்சைச் சிறிது சிறிதாகச் செலுத்துவர். குதிரையின் குருதியில் பிறபொருளெதிரிகள் உருவாகும். அந்தக் குருதியின் நீர்ப்பாயத்தை எடுத்து நோயுற்ற பிள்ளைக்கு ஏற்றுவர். இதற்காக பேரிங்குக்கு 1901 இல் மருத்துவத்துக்கான முதலாவது நோபல் பரிசு கிடைத்தது.

ஆயினும் காப்பாற்றப்பட்ட பிள்ளைகளிற் சிலர் ஒன்றிரண்டு வாரங்களில் புதியதொரு நோய்க்கு ஆளாகினர். காய்ச்சல், தடிப்பு, நிணநீர்க் கணுக்களின் வீக்கம், மூட்டு வலி என்பன தோன்றின. நீர்ப்பாயத்தில் ஏதோ நச்சு கலந்திருக்கிறது என்பதே அன்றைய வைத்தியர்கள் பலரின் எண்ணம். ஒரு கேள்விக்கு மட்டும் அவர்களிடம் விடை இருக்கவில்லை. நச்சு என்றால் உடனே அல்லவா வேலை செய்ய வேண்டும்? ஏன் பத்து நாட்கள் காத்திருக்கிறது?

பிர்க்கே செய்த வேலை மிக எளியது. பெலா ஷிக் என்னும் இளம் ஹங்கேரிய வைத்தியருடன் சேர்ந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊசி போட்ட நாளையும் நோய் தோன்றிய நாளையும் குறித்து, இடையிலுள்ள நாட்களை எண்ணினார். முதல்முறை நீர்ப்பாயம் பெற்றவர்களுக்கு நோய் பெரும்பாலும் 8 முதல் 12 நாட்களில் வந்தது. சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ பின் இரண்டாம் முறை பெற்றவர்களுக்கு அதே நாளில், அல்லது ஒரு சில நாட்களிலேயே வந்துவிட்டது. நீர்ப்பாயம் அதேதான். ஆகவே மாறியது நீர்ப்பாயம் அல்ல, பிள்ளையின் உடல்.

இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். உடல் பிறபொருளெதிரியை உருவாக்கச் சில நாட்கள் வேண்டும். அது உருவாகி வரும்போது குதிரைப் புரதத்தின் ஒரு பகுதி இன்னும் குருதியில் இருக்கிறது. இரண்டும் மோதும் நாளிலேயே நோய் தொடங்குகிறது. இரண்டாம் முறையோ உடல் ஏற்கனவே ஆயத்தமாக இருப்பதால் தாமதம் இல்லை. நோயை உண்டாக்குவது பிறபொருள் மாத்திரமன்று, அதற்கு உடல் காட்டும் எதிர்ப்புமே என்ற துணிச்சலான முடிவுக்குப் பிர்க்கே வந்தார். 1903 இல் இக்கருத்தை எழுதி, முத்திரையிட்ட உறையில் வியன்னா விஞ்ஞானக் கழகத்தில் ஒப்படைத்தார். அந்த உறை 1908 இலேயே திறக்கப்பட்டது. அதற்கிடையில் 1905 இல் நீர்ப்பாய நோய் பற்றிய நூலை ஷிக்குடன் சேர்ந்து வெளியிட்டுவிட்டார்.

பிறபொருளும் பிறபொருளெதிரியும் இணைந்த சிறு திரள்கள் குருதிக் கலன்களிலும் மூட்டுகளிலும் சிறுநீரகங்களிலும் படிந்து அழற்சியை உண்டாக்குகின்றன என்பதை இன்று அறிவோம். இதுவே மூன்றாம் வகை மிகையுணர்திறன். இதற்குப் பாம்புக்கடி வேண்டும் என்பதில்லை. சிறு பிள்ளைகளுக்குச் சிரங்கு அல்லது தொண்டைப் புண் வந்து, இரண்டு மூன்று வாரங்களின் பின் முகம் வீங்கிச் சிறுநீர் தேநீரின் நிறத்தில் போவதைத் தோட்டங்களில் கண்டிருப்பீர்கள். சிரங்கு ஆறிவிட்டதே என்று பலர் பேசாமல் இருந்துவிடுவர். அது சிறுநீரக அழற்சி. உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டியது. செங்காய்ச்சலின் பின் வரும் இதே சிறுநீரக நோயையும் நாட்களை எண்ணும் முறையாலேயே ஷிக் 1907 இல் ஆராய்ந்தார்.

1906 இல் பிர்க்கே ஒரு புதிய சொல்லை உருவாக்கினார். மற்றையது, செயல் என்னும் பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அலேர்ஜி என்றார். மாறிய எதிர்வினை என்பதே அவர் கருதிய பொருள். அந்த மாற்றம் நன்மையாகவும் இருக்கலாம், தீமையாகவும் இருக்கலாம். தடுப்பூசியால் கிடைக்கும் பாதுகாப்பும் அவருடைய பார்வையில் மாறிய எதிர்வினையே. நாம் தமிழில் ஒவ்வாமை என்கிறோம். நல்ல சொல்தான், ஆனால் தீமையான பாதியை மட்டுமே அது சொல்கிறது. உலகமும் பின்னர் அந்தச் சொல்லைச் சுருக்கிக்கொண்டது. இன்று ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் முதலாம் வகையையே கருதுகின்றனர்.

அந்த முதலாம் வகையைத் தோட்டப்புறத்தில் உள்ளவர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. குளவி கொட்டுதான் அது. முன்பு ஒருமுறை கொட்டு வாங்கியவரின் உடலில் ஐ.ஜி.ஈ. என்னும் பிறபொருளெதிரி உருவாகி, மாஸ்ற் கலங்களின் மேல் ஒட்டிக் காத்திருக்கலாம். மீண்டும் கொட்டும்போது அக்கலங்கள் ஹிஸ்ரமின் முதலிய பொருள்களைச் சில நிமிடங்களில் வெளிவிடுகின்றன. தடிப்பு எழும், தொண்டை அடைக்கும், மூச்சு இழுக்கும், குருதியமுக்கம் விழும். 1901 இல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் ஆராய்ச்சி செய்த பிரான்சிய விஞ்ஞானிகளான ஷார்ல் ரிஷேயும் போல் போர்ட்டியேயும், கரை திரும்பியபின் நாய்களில் இத்தகைய அதிர்ச்சியைக் கண்டு 1902 இல் அறிவித்தனர். ரிஷே 1913 இல் நோபல் பரிசு பெற்றார்.

ஒரு சிறு எச்சரிக்கை. நம்மவர் குளவி என்று சொல்வதில் பெரிய மலைத்தேனீயும் அடங்கும். கூட்டமாக வந்து நூற்றுக்கணக்கில் கொட்டினால், ஒவ்வாமை இல்லாதவருக்கும் விஷத்தின் அளவே ஆபத்தாகும். ஒரே ஒரு கொட்டில் ஒருவர் மயங்கி விழுந்தால் அது மிகையுணர்திறன். இரண்டுக்கும் உடனே வைத்தியசாலைக்கே போக வேண்டும். இரண்டாவதற்கு உயிர் காக்கும் மருந்து தொடைத் தசையில் ஏற்றப்படும் அதிரினலின். ஆஸ்துமாவில் பெரும்பகுதியும், இறால் அல்லது நிலக்கடலை சாப்பிட்டால் வரும் தடிப்பும், பெனிசிலின் ஊசியின் உடனடி அதிர்ச்சியும் இந்த வகையைச் சேர்ந்தவையே.

மீண்டும் பிர்க்கேயிடம் வருவோம். 1907 இல் அவர் தம் பெயரை உலகெங்கும் கொண்டுசென்ற பரிசோதனையைச் செய்தார். ரொபேட் கொக் 1890 இல் காசநோய்க்கு மருந்தாக டியூபக்குலின் என்னும் திரவத்தை அறிவித்து, அது பயனற்றுப் போயிருந்தது. பிர்க்கே அதனை மருந்தாக அன்றி ஒரு கேள்வியாகப் பயன்படுத்தினார். பிள்ளையின் முன்னங்கையில் இரு துளிகளை இட்டுத் தோலைச் சிறிதாகக் கீறினார். நடுவில் துளி இடாமல் இன்னொரு கீறல், ஒப்பீட்டுக்காக. (கட்டுப்பாட்டுச் சோதனை என்று நீங்கள் எழுதுவது இதைத்தான்.) காசநோய்க் கிருமி முன்பே உட்புகுந்திருந்தால் ஓரிரு நாட்களில் அந்த இடம் சிவந்து தடித்தது. புகாதிருந்தால் ஒன்றும் நிகழவில்லை. நோயின் அறிகுறி சிறிதும் இல்லாத வியன்னாப் பிள்ளைகளிலும் பலர், வயது ஏற ஏற, இந்தச் சோதனையில் தடிப்பைக் காட்டினர். கிருமி இருப்பது வேறு, நோய் இருப்பது வேறு என்பது அப்போது தெளிவாயிற்று.

இங்கே தாமதத்துக்குக் காரணம் பிறபொருளெதிரி அல்ல. ரீ நிணநீர்க்குழியங்கள் அந்த இடத்துக்கு வந்து கூடுவதற்கு எடுக்கும் காலமே அது. இதுவே நான்காம் வகை, அதாவது தாமதித்த வகை. மலிவான தோடு அணிந்த காதிலும், சீமெந்து குழைத்த கையிலும் ஒன்றிரண்டு நாளில் வரும் அரிப்புப் புண்ணும் இதுவே. பிரான்சின் ஷார்ல் மன்ரூ 1908 இல் டியூபக்குலினைத் தோலுக்குள் ஊசியால் ஏற்றும் முறையாக மாற்றினார். நம் நாட்டு மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இன்றும் செய்யப்படும் மன்ரூ சோதனை அதுதான். ஊசி போட்டவர்களை 48 முதல் 72 மணித்தியாலத்தில் திரும்ப வரச் சொல்வது ஏன் என்று இப்போது நீங்களே விளக்கலாம். அளக்கப்படுவது சிவப்பு அல்ல, தடித்த பகுதியின் அகலம்.

1908 இல் பிர்க்கே இன்னொன்றையும் கவனித்தார். சின்னமுத்து வந்த பிள்ளைகளில் சில நாட்களுக்கு இந்தத் தோல் எதிர்வினை மறைந்துபோனது. சின்னமுத்து வைரசு உடலின் எதிர்ப்பையே தற்காலிகமாக அடக்குகிறது என்பதற்குக் கிடைத்த முதற் சான்று அது.

நான்கு வகைகளில் இரண்டாவது விடுபட்டுவிட்டதே என்பீர்கள். அதில் பிர்க்கேக்கு நேரடிப் பங்கில்லை. ஆனால் அதன் தெளிவான உதாரணம் அவர் வாழ்ந்த நகரிலிருந்தே வந்தது. கார்ல் லான்ட்ஸ்ரைனர் 1901 இல் வியன்னாவில் குருதி வகைகளை வெளிப்படுத்தினார். பொருந்தாத குருதி ஏற்றப்பட்டால் பிறபொருளெதிரிகள் செங்குழியங்களின் மேலேயே ஒட்டி அவற்றை அழிக்கின்றன. எதிரி ஒட்டுவது ஒரு கலத்தின் மேற்பரப்பில் என்றால் இரண்டாம் வகை, குருதியில் மிதக்கும் திரளாக என்றால் மூன்றாம் வகை. விடைத்தாள்களில் அதிகம் குழம்பும் இடம் இதுவே. நான்கு வகைகளாகப் பிரித்தவர்கள் பிரித்தானியாவின் ஜெல், கூம்ஸ் ஆகிய இருவர், ஆண்டு 1963. பிர்க்கே இறந்து அப்போது 34 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பிர்க்கே ஐக்கிய அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலும், பின்னர் பிரெஸ்லோ நகரிலும் சிறிது காலம் பேராசிரியராக இருந்தார். 1911 இல் எஷெரிக்கின் இடத்துக்கு வியன்னா திரும்பினார். முதலாம் உலகப் போரின் பின் வியன்னா பட்டினி கிடந்தது. அமெரிக்க உதவியுடன் இலட்சக்கணக்கான ஒஸ்திரியப் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் வேலையில் அவர் முன்னின்றார். எந்தப் பிள்ளைக்கு முதலில் உணவு என்பதைத் தீர்மானிக்க, உட்கார்ந்த நிலை உயரத்தையும் நிறையையும் கொண்டு ஒரு கணிப்பு முறையை வகுத்தார். ஒரு கிராம் பாலின் போசணைப் பெறுமானத்தை அலகாக வைத்து உணவுகளை அளந்தார். அந்த அலகு நிலைக்கவில்லை. உணவு உண்ட பிள்ளைகள் நிலைத்தனர். நோபல் பரிசுக்குப் பலமுறை முன்மொழியப்பட்டும் அது அவருக்குக் கிடைக்கவில்லை. 1929 பெப்ரவரி 28 ஆம் திகதி, 54 ஆவது வயதில், அவரும் மனைவி மரியாவும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர்.

குதிரை நீர்ப்பாயத்தின் கதை அவருடன் முடிந்துவிடவில்லை. இலங்கையில் பாம்புக்கடிக்குப் பயன்படுத்தப்பட்டுவரும் மருந்து இந்தியாவில் குதிரைகளிலிருந்து தயாரிக்கப்படுவதாகும். இலங்கை வைத்தியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளரில் செய்து 2011 இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து பெற்றவர்களில் ஏறக்குறைய நால்வரில் மூவருக்கு உடனடி எதிர்வினை ஏற்பட்டது. முன்கூட்டியே சிறிதளவு அதிரினலின் கொடுத்தால் கடுமையான எதிர்வினைகள் குறைகின்றன என்பதையும் அதே ஆய்வு காட்டியது. நாகம், கண்ணாடி விரியன் போன்றவற்றின் கடிக்கு இம்மருந்து உயிர் காக்கும். எதிர்வினைக்கு அஞ்சி அதை மறுக்கலாகாது. கோப்பி விரியன் எனப்படும் மூக்கு மேல்வளைந்த சிறு விரியனின் விஷத்துக்கோ இம்மருந்து வேலை செய்யாது. அதற்கும் ஏற்றினால் நோயாளிக்கு மிஞ்சுவது எதிர்வினை மட்டுமே. எனவே கடித்த பாம்பின் தோற்றத்தை வைத்தியரிடம் சொல்வது முக்கியம். அதைப் பிடிக்கப் போக வேண்டாம்.

ஸ்பிரிங்வெளியில் நாம் விட்டுவந்தவர் மீண்டும் வைத்தியசாலைக்குப் போகும்போது, விஷமுறிவு மருந்து ஏற்றிய திகதி எழுதப்பட்ட துண்டைக் கொண்டுபோக வேண்டும். வைத்தியர் முதலில் எண்ணிப் பார்ப்பது அந்த நாட்களைத்தான்.