மண்ணின் மதிப்பளந்தவர்

ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் மாகாணத்துச் சிற்றூரில், கிறித்தவக் குரு ஒருவரின் மகனாக 1846ஆம் ஆண்டு பிறந்தவர் வசீலி தொகுச்சாயேவ். சமயக் கல்விக்காகத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க் சென்ற அவர், அதனைக் கைவிட்டுப் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயின்றார்.

அக்காலத்து நிலவியலார், மண்ணைப் பாறையின் துகளாகவே கண்டனர். வேதியியலார், பயிருக்கு உணவு தரும் கலமாக மட்டுமே கருதினர். நாட்டின் மண் வரைபடமோ, ஊர்களிலிருந்து கேட்டுப்பெற்ற விடைகளைக் கொண்டே வரையப்பட்டது. அவ்வரைபடப் பணியில் உதவிய தொகுச்சாயேவ், ஒரே மண்ணுக்கு ஊர்தோறும் வெவ்வேறு பெயர் வழங்குவதைக் கண்டு, நேரில் பாராமல் மண்ணை அறிதல் இயலாது எனத் தெளிந்தார்.

கருமண் நிலங்களை ஆராயும் பொறுப்பு 1877இல் அவரிடம் வந்தது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து, சென்ற இடமெல்லாம் குழி தோண்டினார். குழியின் சுவரில், மட்கு செறிந்த மேலடுக்கு, இடையடுக்கு, தாய்ப்பாறை எனப் படிப்படியாக மாறும் நிறங்களைக் கண்டார். தட்பவெப்பம், தாய்ப்பாறை, உயிரினங்கள், நில அமைப்பு, காலம் ஆகிய ஐந்தும் கூடி உருவாக்கிய தனி இயற்கைப் பொருளே மண் என்று 1883இல் வெளியிட்ட ‘ரஷ்யக் கருமண்’ நூலில் நிறுவினார்.

இக்கொள்கைக்கு உரிய சோதனைக்களம் நிஷ்னி நோவ்கோரத் மாகாணம். நிலவரியை முறையாக விதிக்க விரும்பிய அம்மாகாணத்தின் உள்ளாட்சி மன்றம், 1882இல் அவரை அழைத்தது. வளமற்ற நிலத்துக்கு வளமான நிலத்தின் வரி விழுமாயின், அச்சுமை உழவனின் உணவில் கைவைக்கும். ஆகவே தொகுச்சாயேவ் நில உரிமையாளரின் சொல்லை நம்பாமல், மாணவர்களுடன் மாகாணம் முழுவதும் அலைந்து மாதிரிகளைச் சேகரித்தார். மட்கின் அளவு, சத்துகள், நீரைத் தேக்கும் திறன் ஆகியவற்றைச் சோதித்து, ஒவ்வொரு மண் வகைக்கும் ஒப்பீட்டு மதிப்பெண் வழங்கினார். பதினான்கு தொகுதிகளாக வெளிவந்த அவ்வறிக்கையைத் தொடர்ந்து, பல்தாவா மாகாணமும் அவரை அழைத்தது. வரிக்கணக்கு வேலை ஒன்றிலிருந்து ஓர் அறிவியல் துறை வளர்ந்தது வியப்புக்குரியதே!

1891இல் கடும் வறட்சி கருமண் நாட்டையே பஞ்சத்தில் தள்ளியது. வளமான மண்ணும் ஈரமின்றேல் பயனற்றதாகும் என்பதை அறிந்த அவர், மறு ஆண்டே புல்வெளிகளுக்கு ஆய்வுக்குழுவை அழைத்துச் சென்று, மரவரிசைகள் நடவும் குளங்கள் வெட்டவும் வழிசெய்தார். கமென்னயா புல்வெளியில் அம்மரவரிசைகள் இன்றும் நிற்கின்றன. 1897இல் மனைவியை இழந்தார். நோயால் தளர்ந்து, 1903இல் மறைந்தார்.

அவரிடம் பயின்று கள ஆய்விலும் பங்கேற்ற வெர்னாத்ஸ்கி, மண்ணுக்கும் உயிர்களுக்கும் இடையே தனிமங்கள் சுழல்வதை ஆராய்ந்து, உயிர்ப்புவி வேதியியலைத் தோற்றுவித்தார். வெர்னாத்ஸ்கியின் மாணவர் வினோகிராதவ், சில தனிமங்கள் மிகுந்தோ குறைந்தோ இருப்பதால் பயிருக்கும் கால்நடைக்கும் நோய் வரும் நிலப்பகுதிகளை வகைப்படுத்தினார். ஆர்சனிக், ஈயம், காட்மியம் போன்றவை ஆலைக் கழிவால் வந்து சேர்ந்தவையா, தாய்ப்பாறையிலேயே இருந்தவையா எனப் பிரித்தறிய, இன்றைய ஆய்வாளரும் குழி தோண்டி, மேலடுக்கையும் அடியடுக்கையும் தனித்தனியே எடுத்து ஒப்பிடுகின்றனர்.