துணையின்றி வந்தோர்க்குத் துணையான நாராயண பிள்ளை

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் பனி விலகும் காலை வேளையில் தேயிலைச் சரிவுகளை நோக்குவோர், அவற்றினிடையே ஓர் அம்மன் சன்னிதியின் வண்ணக் கோபுரத்தையோ, தகரக் கூரை வேய்ந்த சிறு கோயிலையோ காணத் தவறுவதில்லை. 1885-ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் அளந்தறிந்த இம்மலைப்பகுதியில், 1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காடழித்துக் கன்று நட்ட கைகளுள் தமிழர்தம் கைகளும் இருந்தன. பிறந்த ஊரை விட்டு வந்த அம்மக்கள் லயத்து வீடுகளில் குடியமர்ந்தவுடன், ஊரின் அம்மனுக்கும் ஓர் இடம் தேடினர்.

புதிய மண்ணில் கால் ஊன்றும்போதே கோயிலுக்கும் கால்கோள் இடும் இவ்வழக்கத்தை, போ தோட்டம் தோன்றுவதற்கு 110 ஆண்டுகளுக்கு முன்னரே இத்தீபகற்பத்தின் தென்முனையில் கைக்கொண்ட ஒருவர் இருந்தார். அவரே நாராயண பிள்ளை. திருவிழாக் காலத்தில் அப்பெருமகனாரின் வாழ்வை நினைவுகூர்தல் நம் கடமையாகும்.

பினாங்கிலிருந்து புதிய தீவுக்கு

நாராயண பிள்ளை பினாங்கில் கிழக்கிந்தியக் கம்பெனி அரசில் எழுத்தராகப் பணியாற்றியவர். நிலையான ஊதியமும் தமிழர் கூட்டமும் உள்ள ஊர் அது. அதனை விட்டு, சர் ஸ்டாம்போர்ட் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு இரண்டாம் முறை வந்தபோது, ‘இந்தியானா’ என்னும் கப்பலில் அவருடன் புறப்பட்டு, 1819-ஆம் ஆண்டு மே மாதத்தில் வந்திறங்கினார்.

அங்கே ஆங்கிலேயர் குடியேற்றம் தொடங்கி நான்கு மாதங்களே ஆகியிருந்தன. வந்தவரை வரவேற்க அங்கே வேரூன்றிய தமிழ்க்குடி இல்லை. கருவூலத்தில் நல்ல நாணயத்தையும் கள்ள நாணயத்தையும் பிரித்தறியும் வேலை கிடைத்தது. ஆயினும் அது நிலைக்கவில்லை. அவ்விடம் மலாக்காவிலிருந்து வரவிருந்த தமிழர் ஒருவருக்கு முன்பே வாக்களிக்கப்பட்டிருந்தது. நம்பி வந்த வேலை கைநழுவிய நிலையில், திரும்பிச் செல்லும் வழியும் அவருக்குத் திறந்தே இருந்தது.

அவர் திரும்பவில்லை. புதிய நகரில் வீடுகள் எழ வேண்டும்; வீடுகளுக்குச் செங்கல் வேண்டும் என்பதை உணர்ந்தார். தஞ்சோங் பகாரில் செங்கற்சூளை அமைத்தார். பினாங்கிலிருந்த கொத்தர்களுக்கும் தச்சர்களுக்கும் துணி வணிகர்களுக்கும் சேதி அனுப்பி வரவழைத்தார். சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்ததாரர் என்னும் பெயர் அவருக்கு வாய்த்தது. தாம் வந்து சேர்ந்ததோடு நில்லாமல், பின்வருவோர்க்கும் பிழைப்புக்கு வழி செய்தமை இங்கே எண்ணத்தக்கது.

தீயில் அழிந்ததும் மீண்டெழுந்ததும்

பின்னர்க் கிராஸ் தெருவில் பருத்தித் துணிக் கடை திறந்தார். வணிகம் செழித்தது, கடனுக்குச் சரக்கெடுத்து மேலும் விரிவாக்கினார். 1822-ஆம் ஆண்டில் மூண்ட தீயில் கடை அழிந்தது. சரக்கு சாம்பலாயிற்று, கடன் மட்டும் எஞ்சியது.

அயலூரில் பொருளிழந்தவன் நிலை எத்தகையது என்பதைத் தோட்டங்களில் வாழ்ந்த மூத்தோர் நன்கறிவர். சொந்த ஊராயின் தாய்மாமன் வீடு உண்டு, பங்காளி உண்டு. அயலூரில் நாணயமானவன் என்னும் பெயர் ஒன்றே முதல். அவ்வாண்டின் பிற்பகுதியில் சிங்கப்பூருக்கு மீண்டும் வந்த ராஃபிள்ஸிடம் நாராயண பிள்ளை தம் நிலையை எடுத்துரைத்தார். பிற்காலத்தில் ராஃபிள்ஸ் பிளேஸ் எனப் பெயர் பெற்ற கமர்ஷியல் ஸ்குவேரில் அவருக்கு மனை கிடைத்தது. அங்கே மீண்டும் வணிகம் தொடங்கித் தலைநிமிர்ந்தார்.

அம்மனுக்கு ஓர் இடம்

கோயில் இல்லாத ஊரில் குடியிருக்கத் தயங்குவது நம்மவர் மரபு. முதலில் தெலுக் ஆயர் தெருவில் இந்துக்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. ஆனால் வழிபாட்டிற்கு இன்றியமையாத நன்னீர் அங்கே கிடைக்கவில்லை. 1821-ஆம் ஆண்டில் ஸ்டாம்போர்ட் கால்வாயருகே வேறு இடம் தரப்பட்டது. அடுத்த ஆண்டு வகுக்கப்பெற்ற நகரமைப்புத் திட்டத்தில் அதுவும் பொருந்தாது போயிற்று. இறுதியாக 1823-ஆம் ஆண்டில் சவுத் பிரிட்ஜ் சாலையில் மனை அமைந்தது.

1824-ஆம் ஆண்டின் குடிக்கணக்கில் சிங்கப்பூரின் மொத்த மக்கள் 10,683 பேர். அவர்களுள் இந்தியர் 756 பேரே. அச்சிறு கூட்டத்தின் முயற்சியில் 1827-ஆம் ஆண்டு மரத்தாலும் அத்தாப்பாலும் ஆன எளிய கோயில் எழுந்தது. நாராயண பிள்ளை சின்ன அம்மன் திருவுருவை அங்கே எழுந்தருளச் செய்தார். 1843-ஆம் ஆண்டில் அது செங்கற் கட்டடமாயிற்று. அதுவே சிங்கப்பூர் ஸ்ரீ மாரியம்மன் கோயில். 1973-ஆம் ஆண்டில் அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

அக்கோயில் வழிபடும் இடமாக மட்டும் இருந்திலது. கப்பலிலிருந்து புதிதாய் இறங்கியோர், வேலையும் தங்குமிடமும் கிடைக்கும் வரை அங்கே அடைக்கலம் பெற்றனர். இந்துத் திருமணங்களைப் பதிவு செய்யும் இடமாகவும் அது விளங்கியது. தனியாய் வந்தவன் குடும்பத்தானாய் மாறுவதற்கு அம்மன் சன்னிதியே சாட்சியாயிற்று. தமிழரிடையே எழும் வழக்குகளைத் தீர்த்துவைக்கும் தலைவராக நாராயண பிள்ளை அரசால் ஏற்கப்பட்டார். சிங்கப்பூரின் இருநூறாம் ஆண்டு நினைவையொட்டி, 2019-ஆம் ஆண்டில் ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலையருகே அவருடைய சிலையும் சிறிது காலம் வைக்கப்பட்டது.

நாம் கொள்ளத்தக்கது

ஊர்விட்டு ஊர் வந்தவன் வேலை கிடைத்த அன்றே குடியேறிவிட்டதாகக் கொள்ளலாகாது. தனக்குப் பின் வருபவனுக்கு ஒரு திண்ணையைக் காட்டும் அன்றுதான் அவன் அவ்வூரானாகிறான். நாராயண பிள்ளையின் வாழ்வு உணர்த்துவது இதுவே.

இன்று கேமரன் மலைத் தேயிலைச் சரிவுகளில் வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து தனியராய் வந்த இளைஞர் பலர் கொழுந்தெடுக்கின்றனர். நம் பிள்ளைகளோ வேலை தேடித் தனியராய் நகரங்களுக்குச் செல்கின்றனர். அங்கே ஏதேனும் ஒரு கோயில் வாசலில் யாரேனும் ஒருவர் அவர்களை நோக்கி, உண்டாயா, தங்க இடமுண்டா என வினவ வேண்டும் என்றே பெற்றோர் உள்ளம் விழைகிறது. அவ்வாறாயின், நம் வாசலில் வந்து நிற்கும் அயலாரிடமும் அதையே நாம் வினவுதல் முறையன்றோ?

அன்னதானப் பந்தியில் அறிமுகமில்லாத ஒருவருக்கு இலை போடும்போதெல்லாம், நாராயண பிள்ளை தொடங்கிய திருப்பணி தொடர்கிறது. அன்னை மாரியம்மன் அருளால் அப்பணி நம் கோயிலிலும் ஓங்குக!